திருகோணமலையில் மீண்டும் நாணேறிய வில்

ஒன்ராறியோவில் பல இலையுதிர்காலங்கள் மரவில்லுடன் மான் வேட்டைக்குச் சென்ற நான், மனைவியின் ஊரான திருகோணமலைக்குக் குடிவந்த பின்னர் அந்த வில்லை நெடுங்காலம் உறையிலிருந்து எடுக்கவில்லை. இந்த மண்ணில் ஒரு வேட்டைவில்லுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இப்போது வில் மீண்டும் நாணேறியிருக்கிறது. அது எப்படி நாணேறியது, எதற்காக நாணேறியது, எதற்காக நாணேறக் கூடாது என்று நான் முடிவுசெய்தேன் என்பவற்றைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், வில்லைக் கற்றது கனடாவில். பீற்றர்பரோவுக்கு வடக்கேயுள்ள காடுகளுக்கு என்னை முதலில் அழைத்துச் சென்றவர், என்னுடன் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த மூத்த தொழிலாளி ஒருவர். கப்பிகளும் வடங்களும் பொருத்திய கொம்பவுண்ட் வில்லுக்கு 1969இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு, அங்குள்ள வில்வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் படிப்படியாக அதற்கு மாறிவிட்டனர். முழுமையாக இழுத்த நிலையில் கையிலுள்ள சுமையைக் கப்பி வெகுவாகக் குறைத்துவிடுவதால், குறிகாட்டியினூடாகப் பார்த்து ஆறுதலாக எய்ய அது இடங்கொடுக்கிறது. அவர் அதற்கு மாறவில்லை. மரமும் கண்ணாடியிழையும் சேர்த்து ஒட்டிய, நுனிகள் வெளிப்புறமாக வளைந்த ரிகேர்வ் வில்லையே வைத்திருந்தார். அதில் குறிகாட்டி கிடையாது. மானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னால், விலாவின் மீது ஒரு சிறு புள்ளியைக் கண்ணால் தெரிவுசெய்து, அதிலிருந்து பார்வையை எடுக்காமல் நாணை இழுத்து விட வேண்டும். இழுத்த நாணின் முழு எடையும் மூன்று விரல்களில் நிற்கும்போது யோசிப்பதற்கு நேரம் இல்லை. யோசனை அனைத்தையும் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

இந்த வேட்டையின் இயல்பை ஒரு கணக்கால் சொல்லிவிடலாம். என் வில்லிலிருந்து புறப்படும் அம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேகத்தில் செல்கிறது. ஒலியோ செக்கனுக்கு 340 மீற்றர் செல்கிறது. 18 மீற்றர் தொலைவில் நிற்கும் மானை அம்பு சென்றடைய மூன்றிலொரு செக்கனுக்கும் சற்றுக் கூடுதலாக எடுக்கும். நாண் அதிர்ந்த ஓசை அதற்கு வெகுமுன்பே அதன் காதில் விழுந்துவிடும். ஓசை கேட்டு மிரண்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடித்து உடலைத் தாழ்த்தும்போது, இதயத்தை நோக்கிச் சென்ற அம்பு முதுகுக்கு மேலாகப் போய்விடும் அல்லது, அதைவிட மோசமாக, முதுகுத் தசையில் தைக்கும். ஆகவே தொலைவைக் கூட்டுவதற்கு இடமில்லை. பெருந்திறமை உள்ளவரும் 20 மீற்றருக்குள் வந்தாக வேண்டும். அங்கே வந்த பிறகும், மான் மிரளாமலும் உடலைச் சற்றே மறுபுறம் திருப்பியும் நிற்காவிட்டால் நாணை மெதுவாக விட்டுத் தளர்த்திவிட வேண்டும். நான் வில்லைத் தளர்த்திய பொழுதுகள் எய்த பொழுதுகளைவிட மிகப் பல. அந்தப் பொழுதுகளுக்காகவே இந்த வேட்டையை நேசித்தேன் என்று சொன்னால் அது மிகையல்ல.

சங்கப் பாடலில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. சிறுவயதில் அதைப் படித்தபோது அந்த வலிமையே என்னைக் கவர்ந்தது. வில்லைக் கையிலெடுத்த பிறகு எனக்கு முக்கியமாகத் தெரிந்தது, உடும்பை அடையும்வரை அந்த அம்பு எந்த விலங்கின் உடலிலும் தங்கிவிடவில்லை என்பது. அகன்ற அலகுள்ள அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டிச் சென்று, உள்ளே வெளியே இரு வாயில்களையும் திறந்து, இரத்தத்தை வெளியேற்றியே கொல்கிறது. ஊடுருவிச் சென்றால் விலங்கு பெரும்பாலும் சில விநாடிகளில் விழும். பாதியில் நின்றால் அது நெடுந்தூரம் ஓடும், வேட்டைக்காரன் பின்னால் போக வேண்டும். ஒன்ராறியோவில் மானுக்கு எய்யும் வில் 700 மில்லிமீற்றர் இழுவையில் குறைந்தது 18 கிலோ காட்ட வேண்டும், அம்புமுனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலமும் இரு கூரிய விளிம்புகளும் கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

சட்டத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே என் திறமை தனியாக நிற்கவில்லை. பயிற்சி வகுப்பு, பரீட்சை, அனுமதிச்சீட்டு, எந்தப் பகுதியில் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற வரையறை, மான்களின் தொகையைக் கணித்து அதற்கேற்ப அனுமதிகளைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும் ஒரு நிர்வாகம், பனிக்காலத்தில் தீனியின்றிச் சாகும் மான்களைப் பற்றிய அறிவு ஆகிய அனைத்தும் என் வில்லுக்குப் பின்னால் இருந்தன. ஊர் மாறியபோது மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய வில் என்னோடு வந்தது. விரல்களின் பழக்கமும் கண்ணின் பழக்கமும் வந்தன. மற்றவை எவையும் வரவில்லை, வரவும் முடியாது.

திருகோணமலையில் வில்லை மீண்டும் எடுத்தபோது முதலில் எதிர்ப்பட்டது காலநிலை. மாரிகாலத்தில் காற்றே ஈரமாக இருக்கிறது. நனைந்த வான்கோழி இறகு அம்பின் தண்டோடு படிந்துவிடுவதால், அம்பின் பின்புறத்தை நேராகப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லாமற் போய், அது பக்கவாட்டில் திரும்பிப் பறக்கிறது. வைகாசி தொடங்கிக் கச்சான் வீசும்போது நிலைமை நேரெதிர். நிலப்பக்கமிருந்து வரும் அந்த உலர்ந்த அனல் பகலில் முகத்தைச் சுடுகிறது. கண்ணாடியிழை வில்லை அப்போது மூடிய வாகனத்துக்குள் விட்டுவைத்தால் ஒட்டுப்பசை இளகிப் படைகள் பிரிந்துவிடக்கூடும். மெழுகு பூசிய நாணைக்கூட அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வட அமெரிக்காவின் வறண்ட நிலத்தில் பெயர்பெற்ற ஹிக்கரி மரத்தாலான வில், இத்தகைய ஈரக்காற்றில் நீரை உறிஞ்சித் தளர்ந்து, நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே கிடக்கும். எந்த மண்ணில் எய்கிறோமோ அந்த மண்ணின் காற்றுக்கு ஏற்ற மரமே வேண்டும் என்று பழைய வில்லாளர் சொன்னதன் பொருள் எனக்கு இங்கேதான் முழுமையாக விளங்கியது.

அப்படிப் பார்த்தால் இந்தக் கரையில் எனக்குக் கிடைக்கக்கூடிய மரம் எது? காட்டில் ஒரு கிளையையும் வெட்டுவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். விடை வீட்டு வளவுக்குள்ளேயே கிடந்தது. மனைவியின் பாட்டனார் காலத்து வீட்டின் கூரையைப் பிரித்தபோது இறக்கிய பனஞ்சிலாகைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன, பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் காய்ந்து, வைரம் பாய்ந்து, கறுத்து. வில் வகைகளைச் சொல்லும் அர்த்தசாஸ்திரம் மூங்கிலுக்கும் மரத்துக்கும் கொம்புக்கும் முன்னதாகப் பனையையே குறிப்பிடுகிறது. ஆகவே பனையில் வில் செய்யலாமா என்று தயங்க வேண்டியதில்லை, எப்படிச் செய்வது என்பதே கேள்வியாக இருந்தது.

பனைமரத்துக்கு மற்ற மரங்களைப்போல ஆண்டு வளையங்கள் இல்லை. நடுப்பகுதி சோற்றி, வெளிப்புறத்தில்தான் கறுத்த நார்கள் நெருங்கி நின்று வலிமை தருகின்றன. அதனால் சிலாகையின் வெளிப்பக்கத்தைத் தொடாமல் விட்டு, அதையே இலக்கை நோக்கும் முதுகாக வைத்து, வயிற்றுப் பக்கத்தை மட்டும் சீவி எடுத்தேன். சீவுளி நாரில் சிக்கிப் பிய்த்தெடுப்பதால், உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவதே பாதுகாப்பானது என்று அயலிலுள்ள தச்சு வேலை தெரிந்த பெரியவர் காட்டித் தந்தார். ஒரு பிடி சுரண்டி, சுவரில் அடித்த கட்டையில் வில்லை மாட்டி, நாணைச் சிறிது இழுத்து, வில்லின் மேற்கையும் கீழ்க்கையும் ஒரே அளவாக வளைகின்றனவா என்று தள்ளி நின்று பார்த்து, விறைத்து நிற்கும் இடத்தை அடையாளமிட்டு, மீண்டும் சுரண்ட வேண்டும். விறைத்த இடத்தைச் சுரண்டலாம். ஏற்கனவே அதிகமாக வளையும் இடத்தைத் தொடவே கூடாது. இந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை, எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. அந்த மாலைகளில் கையில் ஏறிய பனைநாரின் சிராய்களை மனைவி ஊசியால் எடுத்துவிடுவாள். முடிவில் 28 அங்குல இழுவையில் 30 இறாத்தல் அளவில் நிற்கும் ஒரு நேர்வில் கிடைத்தது. அது வேட்டைக்குப் போதாது. எனக்கு அதில் குறையில்லை.

அம்புக்கு மூங்கில். மூங்கிலில் எடையைவிட விறைப்பே முக்கியம், ஏனெனில் நாண் தள்ளும்போது அம்பு நேராகப் பாய்வதில்லை. வில்லின் பிடியைச் சுற்றிப் பாம்பாக நெளிந்து, அப்பால் சென்றுதான் நேராகிறது. வில்லின் வலுவுக்குப் பொருந்தாத விறைப்புள்ள அம்பு இடமாகவோ வலமாகவோ போகும். விறைப்பை அளக்க ஒரு பழைய முறை உண்டு. 26 அங்குல இடைவெளியில் அடித்த இரு ஆணிகளின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 இறாத்தல் எடையைத் தொங்கவிட்டு, அது எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று பார்த்து, 26ஐ அந்த அளவால் வகுத்தால், எத்தனை இறாத்தல் வில்லுக்கு அந்தத் தண்டு பொருந்தும் என்பது தெரியும். நாணில் மாட்டும் குதையை வெட்டும் இடத்தில் மூங்கில் பிளந்துவிடாமல் நூலால் இறுகச் சுற்றிக் கட்டினேன். இலக்கு, தென்னந்தும்பு நெருக்கி அடைத்த சாக்கு. அதில் தைத்த அம்பை இழுத்தெடுக்கும்போது தும்பு தண்டைக் கீறுவதில்லை. கனடாவில் விலை கொடுத்து வாங்கிய இலக்குகளைவிட இது மேல்.

வில்லும் அம்பும் இப்படி இந்த ஊருக்குரியவை ஆயின. வேட்டை?

திருகோணமலைக்கு வந்த எவரும் முதலில் காணும் விலங்கு புள்ளிமான். பிரெட்றிக் கோட்டையின் வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியெங்கும் அவை நிற்கின்றன, படுத்திருக்கின்றன, அடியார்கள் நீட்டும் வாழைப்பழத்தை வாங்கி உண்கின்றன, வீசியெறிந்த பொலித்தீன் பைகளையும் உண்கின்றன. ஒன்ராறியோவில் ஒரு மானை இருபது மீற்றரில் காண்பதற்காக விடியுமுன் சென்று குளிரில் பல மணி நேரம் அசையாமல் இருந்தவனுக்கு, ஒரு கலைமான் கையெட்டும் தூரத்தில் வந்து சட்டைப் பையை முகர்வது தாங்க முடியாத ஒன்றாக இருந்தது. அந்த மான்கள் மீது எனக்கு எழுந்தது பரிவும் கவலையும். பொலித்தீன் வயிற்றில் அடைத்து மான்கள் சாவது இந்த ஊர் அறிந்த செய்தி. கோயிலுக்குப் போகும் எவரும் பையிலிருப்பதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால் அதில் ஒரு பகுதியையாவது தவிர்க்கலாம்.

ஆயினும் அந்தக் கோட்டைதான் எனக்குப் புள்ளிமானைக் கற்பித்தது. விடியற்காலையில் கல்லொன்றில் அமர்ந்து அவற்றைக் கவனிப்பது வழக்கமாயிற்று. ஒன்ராறியோவின் வெண்வால் மானைப்போலவே இதுவும் ஐயம் ஏற்பட்டால் முன்காலை நிலத்தில் ஓங்கி அடிக்கிறது, வாலை உயர்த்தி உட்புற வெண்மையைக் காட்டுகிறது. ஆனால் கூர்ந்து பார்க்கப் பார்க்க ஒரு பெரிய வேறுபாடு தெரிந்தது. ஒரே மந்தையில் ஒரு கலைமானின் கொம்பு உரிந்து கூர்மையாக இருக்கும்போதே இன்னொன்றின் கொம்பு பஞ்சுத்தோல் போர்த்து வளர்ந்துகொண்டிருக்கும். வெண்வால் மான்களில் இது நடப்பதில்லை. அங்கே எல்லா ஆண்களும் இலையுதிர்காலத்தில் ஒருசேரக் கொம்பு முற்றி நிற்கும், நவம்பரில் இணையும், குட்டிகள் அடுத்த இளவேனிலின் இறுதியில் பிறக்கும். புள்ளிமானுக்கு அப்படி ஒரு பருவம் இல்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் சினை மானும், பாலூட்டும் மானும், கால் ஊன்றாத குட்டியும் மந்தையில் இருக்கும்.

இதன் விளைவைச் சிந்தித்தபோதுதான் எனக்குள் கிடந்த கேள்வி தெளிந்தது. ஒன்ராறியோவில் வேட்டைப் பருவம் என்பது குட்டிகள் தாயைச் சாராமல் வாழக்கூடிய அளவுக்கு வளர்ந்த பின் வரும் காலம். அந்தப் பருவத்துக்குள் எய்பவர், தான் அறியாமலே, ஒரு பெரிய பிழையிலிருந்து காக்கப்படுகிறார். இங்கே எந்தத் தேதியும் எவரையும் அப்படிக் காக்காது. அங்கே வீழ்த்திய மானின் இறைச்சியை அந்தக் குளிரே பதப்படுத்தி வைக்கும். இங்கே நண்பகலுக்குள் கெட்டுவிடும். அங்கே காட்டில் ஆபத்தான உயிர் வேட்டைக்காரன்தான். இங்கே அடிபட்ட விலங்கின் இரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து சூரைப் பற்றைக்குள் குனிந்து செல்பவர் முன்னால் யானை நிற்கலாம், கரடி நிற்கலாம், யாரோ விலங்குகளுக்குப் பொறியாகக் கட்டிவைத்த கட்டுத்துவக்கின் கம்பி நிற்கலாம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் புள்ளிமானையும் மரையையும் பாதுகாக்கின்றன; அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடலாம். ஆனால் சட்டம் தடுப்பதால் மட்டும் நான் விலகி நிற்கிறேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. சட்டம் நாளை மாறினாலும் நான் இந்தக் காட்டில் மானை எய்ய மாட்டேன். திறமையை ஒருவர் எங்கும் எடுத்துச் செல்லலாம். உயிரை எடுக்கும் உரிமை அப்படி எடுத்துச் செல்லக்கூடியதல்ல. ஒரு நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து, அதன் நீரையும் இனப்பெருக்கத்தையும் பஞ்சத்தையும் அறிந்து, அந்த அறிவால் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்ட மக்களுக்கே அது உரியது.

அத்தகைய மக்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கொட்டியாற்றுக் குடாவின் தெற்கே, மூதூரிலிருந்து வெருகல் வரையுள்ள ஊர்களில் தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் வாழ்கின்றன. இதே கொட்டியாற்றுக் குடாவில்தான், புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிட வந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில், காட்டில் வில்லோடு வாழும் மக்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அம்புமுனை வேண்டுமென்றால் அவர்கள் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையையும் அதனோடு வைத்துச் செல்வார்களாம். கொல்லன் அதைப் பார்த்து இரும்பில் அடித்துக் கொடுத்தால் மேலும் இறைச்சி கொண்டுவருவார்களாம். அம்புமுனையின் அகலத்தையும் வளைவையும் இலையில் வெட்டிக் காட்டும் ஒருவருக்குத் தன் வில்லின் வலுவும் தான் எய்யும் விலங்கின் தோலும் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அந்த மரபின் வழிவந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன? 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, உள்நாட்டு வேடர்கள் தலைமுறைகளாக வேட்டையாடிய நிலம் அவர்களுக்கு மூடப்பட்டது. தலைவர் திசாஹாமி தம் மண்ணைவிட்டு வெளியேற மறுத்தார். பெரும்பாலான குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. கரையோர வேடர்களோ அதற்கு வெகுமுன்பே மீன்பிடிக்கும் சேனைக்கும் கூலி வேலைக்கும் மாறியிருந்தனர். பிறகு போர் அவர்களைப் பல தடவை இடம்பெயர்த்தது. உரிமை இருந்தவர்களின் கையிலிருந்தே வில் இப்படி இறங்கிய ஒரு தீவில், விமானத்தில் வந்திறங்கிய நான் என் வில்லைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் புறப்படுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

இங்கே இஷியின் நினைவு வராமல் இருக்காது. கலிபோர்னியாவின் யாகி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். தம்மவர் அனைவரும் அழிந்த பின் 1911இல் தனியாகக் காட்டிலிருந்து வெளியே வந்தார். சான் பிரான்சிஸ்கோவின் அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்டு, அங்கே பார்வையாளருக்கு வில்லும் அம்பும் செய்து காட்டினார். அருகிலிருந்த மருத்துவமனையில் பணியாற்றிய சக்ஸ்டன் போப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவரிடம் வில்லைக் கற்றார். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் மரவில்லுடன் வேட்டைக்குப் போகும் பலரும், அறிந்தோ அறியாமலோ, அந்த ஒரு மனிதரின் கைவழிச் சீடர்கள். 1914இல் இஷி நண்பர்களுடன் தம் பழைய நிலத்துக்கு ஒருமுறை சென்று, எங்கே பதுங்கினோம், எங்கே எய்தோம் என்றெல்லாம் காட்டினார்; இரண்டாண்டுகளின் பின் காசநோயால் இறந்தார். அந்தக் கலை நிலத்தை இழந்தவரிடமிருந்து, அந்த நிலத்தைக் கைப்பற்றியவர்களின் வழிவந்தவர்களிடம் சென்றது. எனக்கு வில் கற்பித்த பெரியவரும் அந்த வரிசையில் ஒருவர், நானும் ஒருவன். இந்தக் கடனை மறந்துவிட்டு வில்லின் அழகை மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடானதல்ல.

இப்போது நான் செய்வது இது. நிலாவெளிப் பக்கம் உறவினருக்குச் சொந்தமான தென்னந்தோட்டமும் அதை ஒட்டிய பற்றைக்காணியும் உண்டு. முதன்முறை போகுமுன் கிராம உத்தியோகத்தரிடமும் அயலவர்களிடமும் வில்லைக் காட்டி, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போனேன். முப்பதாண்டுப் போரைக் கண்ட ஊரில் நீளமான பையோடு பற்றைக்குள் நுழையும் மனிதனை எவரும் சாதாரணமாகப் பார்க்க மாட்டார்கள், பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அம்புகளில் அலகு கிடையாது. மரத்தாலான மொட்டை முனை. உக்கிய குற்றி, உரிமட்டை, விழுந்த ஓலையின் அடிமட்டை ஆகியவையே இலக்கு. மெதுவாக நடந்து, வேட்டையில் நடப்பதுபோலவே கால்விரலால் தரையைத் தொட்டுப் பார்த்துப் பாதத்தை வைத்து, பதினைந்து மீற்றரில் ஒரு குற்றியைத் தெரிவுசெய்து, ஒரே ஒரு அம்பு எய்து, அடுத்த இடத்துக்குப் போவது. ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து எய்யும் பயிற்சியில் முதல் அம்பு பிழைத்தால் இரண்டாவது திருத்திக்கொள்ளும். வேட்டையில் இரண்டாவது அம்பு என்று ஒன்று இல்லை. புற்றுகளை நோக்கி எய்வதில்லை, அவற்றில் குடியிருப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

இந்த நடையில் நிலத்தை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோவின் மேட்டுநிலத்தில் விடியலின் குளிர்காற்று பள்ளத்துக்கு இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். மனித வாடை எந்தப் பக்கம் போகும் என்பதை அதைக்கொண்டு கணிப்போம். இங்கே விடியலில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று, முற்பகலில் நின்று, பிறகு கடலிலிருந்து திரும்பி வருகிறது. கச்சான் பலமாக வீசும் நாட்களில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. ஆடி, ஆவணியில் சருகு மொறுமொறுக்கும்போது ஓசையின்றி நடக்க முடிவதில்லை. முதல் மழைக்குப் பின் ஓசை அடங்கும், தடங்களும் தெளிவாகப் பதியும். முயல், கீரி, உடும்பு, காட்டுப்பன்றி என்று மணலில் பதிந்திருப்பவற்றை இப்போது ஓரளவு வாசிக்க முடிகிறது. மயில் திடீரென அகவினால் நின்று பார்க்கிறேன்.

தடம் வாசிக்கத் தெரியும் என்பது ஊரில் பரவியதால் ஒருநாள் தம்பலகாமத்து வயற்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். குடலைப் பருவத்தில் இருந்த நெல்லைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழக்கிவிட்டுப் போயிருந்தது. “தம்பி, உங்கட வில்லால ரெண்டு பண்டியப் படுக்க வைக்க ஏலாதோ?” என்று கேட்டார். அவருடைய இழப்பு சிறியதல்ல. கடன் வாங்கி விதைத்தவர். நான் மறுத்ததற்கான காரணங்களை அவர் முன்னால் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பன்றி வருவது இரவில். இரவில் வில்லாளனுக்குத் தூரம் தெரியாது, தூரம் தெரியாமல் எய்யும் அம்பு காயப்படுத்தும் அம்பு. ஆண் பன்றியின் தோளில் தடித்த தோற்கவசம் உண்டு, இதயம் அதற்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. இருட்டில் அந்த இடத்தைத் தெரிவுசெய்ய முடியாது. அடிபட்ட பன்றி அடுத்தவர் வயலில் விடியற்காலையில் வேலைக்கு வரும் பெண்ணின் மீது பாயலாம். அவர் மறுத்துப் பேசவில்லை. “அப்ப நான் என்ன செய்யிற, அண்ணை ஒருத்தர் வெடி வைக்கச் சொல்லுறார்” என்றார். தீனிக்குள் மறைத்துப் பன்றிக்கு வைக்கும் அந்த வெடியை யானைக்கன்றுகள் கடித்து, தாடை சிதறி, நாட்கணக்கில் உணவின்றிச் சாகின்றன என்பது அவருக்கும் தெரியும். அதை அவர் விரும்பவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

“வேண்டாம் அண்ணை, முதல்ல எந்த வழியால வருகுது எண்டு பாப்பம்” என்று சொல்லி அடுத்த நாள் விடியலில் அவருடன் போனேன். வயலின் ஓரத்தை முழுவதும் நடந்து பார்த்தோம். பன்றிகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றன என்று அவர் எண்ணியிருந்தார். தடங்கள் வேறு கதை சொன்னன. வாய்க்காலின் வளைவில் சேறாடிய குழி, பக்கத்து மருதமரத்தின் அடியில் உடலைத் தேய்த்த சேறு, அங்கிருந்து பழைய வேலியின் கீழே மண்ணைக் கிளறி உருவாக்கிய இரண்டு வாயில்கள். கூட்டம் முழுவதும் அவற்றால்தான் உள்ளே வந்திருந்தது. தேய்த்த சேற்றின் உயரம் பெரிய பன்றியின் முதுகு எவ்வளவு என்று காட்டியது, குட்டிகளின் சிறு குளம்புகள் தாயின் தடத்தின் மேலேயே பதிந்திருந்தன. வேலியை உயர்த்துவதில் பயனில்லை என்று அவருக்குக் காட்டினேன், பன்றி பெரும்பாலும் தாண்டுவதில்லை, கீழால் நுழைகிறது.

பெரும்போக விதைப்புக்கு முன் அந்த வாய்க்கால் வளைவில் வேலியின் அடியில் பனங்குற்றிகளை நெருக்கமாக இறக்கி, நிலத்தோடு ஒட்டி முட்கம்பி இழுப்பதென்று பேசியிருக்கிறோம். குற்றிகளைக் கொண்டுவர உழவு இயந்திரம் வாடகைக்குப் பேசுவது அவருடைய பொறுப்பு. விதைத்த பிறகு கிழமைக்கு ஒரு முறை விடியலில் வந்து புதிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பது என்னுடையது.